ஞெக்கினால் கரையும் பொம்மை: ‘ஸ்க்வீக்கர்’ என்ற சொல்லின் கதை

மார்த்தாண்டம் சந்தைப் பக்கம் ஃபேன்சி கடை வைத்திருக்கும் எங்கள் அத்தான், போன தை மாதம் ஆன்லைனில் ஒரு மொத்த வியாபாரியிடம் சரக்கு போட்டார். மண்டைக்காட்டு மாசிக் கொடை வருகிறது, பிள்ளைகளின் அமுக்கு பொம்மை நன்றாகப் போகும் என்பது அவர் கணக்கு. பட்டியலில் ‘ஸ்க்வீக்கர், 100 எண்ணம்’ என்று இருந்தது. விலையும் கொள்ளை மலிவு. பெட்டி வந்தது. பிரித்தால் பொம்மை ஒன்றுகூட இல்லை. சட்டைப் பொத்தானைவிடச் சற்றுப் பெரிய வெள்ளைப் பிளாஸ்டிக் வில்லைகள், எண்ணி நூறு. ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு துளை, துளைக்குள் மெல்லிய நாக்கு.

“மாப்ள, நீதான இங்கிலீஷ் படிச்சவன். இதுல என்ன எழுதியிருக்கு, எனக்கு என்ன வந்திருக்கு?” என்று போனில் சத்தம் போட்டார். ஏமாற்றிவிட்டார்கள் என்று அவருக்குக் கோபம். பட்டியலை எடுத்துப் பார்த்தேன். ஏமாற்று எதுவும் இல்லை. ‘ஸ்க்வீக்கர்’ என்று எழுதினார்கள், ஸ்க்வீக்கரைத்தான் அனுப்பினார்கள். வினை அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

ஆங்கிலத்தில் ‘ஸ்க்வீக்’ என்றால் கீச்சிடுவது. எலி போடும் சத்தம், எண்ணெய் காணாத கதவுக் கீல் போடும் சத்தம், புதுச் செருப்பின் சத்தம் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே வினைச்சொல்தான். அதன் வாலில் ‘அர்’ என்ற விகுதியைச் சேர்த்தால் ‘ஸ்க்வீக்கர்’. இந்த விகுதி ஒரு தாராளப் பேர்வழி. செய்கிற ஆளையும் காட்டும், செய்ய உதவும் கருவியையும் காட்டும். பாடுகிறவர் சிங்கர், மூடியைத் திறக்கும் கருவி ஓப்பனர். ஆகவே கீச்சிடும் எதுவும் ஸ்க்வீக்கர் ஆகலாம்: அமுக்கினால் சத்தம் போடும் வாத்து பொம்மையும் அதுதான், அந்த வாத்தின் அடிவயிற்றில் செருகியிருக்கும் வில்லையும் அதுதான். பேச்சில் இரண்டுக்கும் புழங்கும் என்றாலும், பொம்மை செய்கிறவர்கள் பெரும்பாலும் வில்லையைத்தான் அப்படிச் சொல்வார்கள். முழுப் பொம்மை வேண்டுமென்றால் ‘ஸ்க்வீக்கி டாய்’ என்று தேடியிருக்க வேண்டும். அத்தானிடம் இதைச் சொன்னபோது, “அந்த ஒரு ‘கி’க்கு நான் கொடுத்த காசு எவ்வளவு தெரியுமா?” என்றார்.

சரி, இந்தச் சொல் எங்கிருந்து வந்தது? ஆங்கிலத்தில் ‘ஸ்க்வீக்’ 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து எழுத்தில் கிடைக்கிறது. லத்தீனிலிருந்தோ கிரேக்கத்திலிருந்தோ இறங்கி வந்த பரம்பரைச் சொல் இல்லை. காதில் விழுந்ததை நாக்கு திருப்பிச் சொல்லிப் பார்த்ததில் பிறந்தது. பழைய ஸ்வீடிஷ் மொழியில் தவளை கத்துவதற்கு இதே சாயலில் ஒரு சொல் உண்டு. இரண்டும் சொந்தமா, தனித்தனியாக ஒலியைப் பார்த்து எழுந்தவையா என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஒலிக்குறிப்புச் சொற்களுக்குப் பூர்வீகம் தேடினால் பெரும்பாலும் கதை இப்படித்தான் முடியும். ‘அர்’ விகுதியோடு கூடிய ஸ்க்வீக்கர் 17ஆம் நூற்றாண்டுக்காரர்.

பொம்மைக்குள் குடிபுகும் முன்னும் பின்னும் அந்தச் சொல் பல வீடுகளில் வாடகைக்கு இருந்திருக்கிறது. புறா வளர்ப்பவர்களிடம் அது கூட்டைவிட்டு இன்னும் பறக்காத குஞ்சு. காட்டுப்பன்றி வேட்டைக்காரர்களிடம் பன்றிக்குட்டி. திருட்டுக் கூட்டத்தில் போலீசிடம் வாய்விட்டுவிடும் ஆளுக்கும் அதே பெயர் (நாம் ‘மூச்சு விடக்கூடாது’ என்கிற இடத்தில் அவர்கள் கீச்சக்கூடாது என்கிறார்கள்). அமெரிக்கர்களுக்கோ மயிரிழையில் வென்ற ஆட்டமோ தேர்தலோ ஒரு ஸ்க்வீக்கர். இதெல்லாம் ஒரு பொருளாகத் தெரியவில்லை என்றால் அந்தச் சத்தத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சிறியது, மெல்லியது, இடுக்கில் நசுங்கி வெளியே வருவது. எல்லாப் பொருளும் அதற்குள் அடக்கம்.

மெல்லிய சத்தத்துக்கு ‘ஈ’ வருவதும் தற்செயல் இல்லை. 1929இல் எட்வர்ட் சபீர் என்ற மொழியியலாளர் ஒரு சோதனை செய்தார். ‘மில்’, ‘மல்’ என்று பொருளில்லாத இரண்டு சொற்களைக் கொடுத்து, இரண்டுமே மேசைதான், எது பெரிய மேசை, எது சின்னது என்று ஆட்களிடம் கேட்டார். பெரும்பாலானவர்கள் ‘மல்’தான் பெரியது என்றார்கள். வாயை அகலத் திறந்தால் பெரிய பொருள், உதட்டை இழுத்துப் பல் தெரியச் சொன்னால் சின்னப் பொருள் என்று காது தானாகக் கணக்குப் போட்டுக்கொள்கிறது. தமிழிலேயே பாருங்கள். வெடி ‘டமார்’, தேங்காய் விழுந்தால் ‘தொப்’, குருவி ‘கீச்’, கொலுசு ‘கிணுகிணு’. ஒலிபெருக்கிக்காரர்கள் இந்தக் கணக்கை அப்படியே பெயராக வைத்துக்கொண்டார்கள். நம் ஊர்த் திருவிழாவுக்கு மைக்செட் கட்டும் பையனிடம் கேளுங்கள்: அடித்தொண்டை ஒலிக்கு வூஃபர், உச்ச ஒலிக்கு ட்வீட்டர் என்பான். முதலாவது நாய் குரைப்பது, இரண்டாவது குருவி கத்துவது. நடுவில் உள்ள ஒலிக்கு ‘ஸ்க்வாக்கர்’ என்று ஒரு பழைய பெயர் இருந்தது, அது கோழியும் கிளியும் அலறுவது. மிருகக்காட்சி சாலையையே பெட்டிக்குள் அடைத்து ஆணி அடித்திருக்கிறார்கள்.

முன்னால் வரும் ‘ஸ்க்வ்’ மட்டும் நமக்கு அந்நியம். ஆங்கிலத்தில் ஸ்க்வீக், ஸ்க்வீல், ஸ்க்வாக், ஸ்க்வெல்ச் என்று நெரிந்தும் பிதுங்கியும் வரும் ஓசைகளுக்கு அந்த மூன்று மெய்யும் சேர்ந்தே வரும். தமிழ்ச் சொல் முதலில் இப்படி மெய்கள் கூட்டாக வராது. அத்தான் கடையில் நிற்கும் பாட்டி ஒருத்தி இதை ‘இஸ்குவீக்கரு’ என்கிறாள். இலக்கணப்படி அவள் சொல்வதுதான் சரி.

இனி பொம்மைக்கு வருவோம். அமுக்கினால் கத்தும் பொம்மை ரப்பருக்கு முந்தியது. 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியிலும் அமெரிக்காவின் பென்சில்வேனியாவிலும் காகிதக் கூழால் பூனை, சேவல், ஆடு என்று வார்த்து வண்ணம் தீட்டினார்கள். அதன் பீடத்துக்கும் அடிப்பலகைக்கும் நடுவே மெல்லிய தோலிலோ காகிதத்திலோ ஒரு குட்டித் துருத்தி. மேலிருந்து அழுத்தினால் துருத்தியின் காற்று ஒரு நாக்கு வழியாக வெளியேறி ‘கீ’ என்னும். கொல்லன் பட்டறைத் துருத்தியின் பேரப்பிள்ளை என்று வைத்துக்கொள்ளலாம். இப்போது பழம்பொருள் சேகரிப்பவர்கள் நல்ல விலை கொடுத்து வாங்குகிறார்கள். துருத்தி கிழியாமல் இன்னும் கத்துகிறவை சொற்பம்.

அந்தப் பொம்மைகளுக்குச் சேகரிப்பாளர்கள் இடும் இன்னொரு பெயர் ‘பிப்ஸ்க்வீக்’. இந்தச் சொல் தனியாக ஒரு பெரிய ஊர்வலமே போயிருக்கிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது ‘ஒரு பொருட்டாக மதிக்க வேண்டாத பொடியன்’ என்று ஆளைத் திட்டும் சொல். முதல் உலகப்போரில் பதுங்குகுழியில் கிடந்த ஆங்கிலச் சிப்பாய்கள், சீறிக்கொண்டு வந்து விழும் சிறிய ஜெர்மன் குண்டுக்கு அதே பெயரை இட்டார்கள். 1919இல் லண்டன் நாளிதழ் ஒன்றில் நாய், பென்குவின், முயல் மூன்றும் வரும் சித்திரக்கதை தொடங்கியது. நாய் பிப், பென்குவின் ஸ்க்வீக், முயல் வில்ஃப்ரெட். போரில் இருந்து திரும்பிய சிப்பாய்கள் தங்களுக்குக் கிடைத்த மூன்று பதக்கங்களையும் அந்தப் பெயர்களால் அழைத்தார்கள். அப்புறம் 1940இல், பிரிட்டன் வானில் சண்டை நடந்தபோது, விமானம் எங்கே பறக்கிறது என்று தரையில் இருப்பவர்கள் கண்டுபிடிக்க ஒரு வானொலி ஏற்பாடு இருந்தது. ஒவ்வொரு நிமிடத்திலும் 14 விநாடி அது தானாகவே ஒரு கீச்சொலியை அனுப்பும். அதற்கும் பெயர் பிப்ஸ்க்வீக்தான். குழந்தை அமுக்கும் பொம்மையின் சத்தமும் பைலட்டின் உயிரைக் காக்கும் சத்தமும் ஒரே சொல்லில் தங்கியிருக்கின்றன.

துருத்திப் பொம்மையின் குறை, அது கிழியும். தண்ணீர் பட்டால் கூழ். குழந்தை வாயில் வைத்தால் அவ்வளவுதான். அந்த இடத்தில்தான் ரப்பர் வருகிறது. ரப்பரைப் பற்றிப் பேச எங்கள் குமரி மாவட்டத்துக்குக் கொஞ்சம் கூடுதல் உரிமை உண்டு. குலசேகரம், அருமனை, பேச்சிப்பாறை, கீரிப்பாறை என்று மலையடிவாரம் முழுக்க ரப்பர் தோட்டம். விடியும் முன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போவார்கள். முன்பெல்லாம் பட்டையின் கீழே சிரட்டை கட்டியிருக்கும். வெட்டின தடத்தில் காய்ந்து ஒட்டியிருப்பதை ஒட்டுப்பால் என்போம். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அதை நீளமாக உரித்து இழுத்து உருண்டையாகச் சுற்றினால் பந்து. எறிந்தால் தென்னை உயரத்துக்குத் துள்ளும், கையில் ஒரு வாரத்துக்கு நாற்றம் போகாது.

அந்தப் பால் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். 1839இல் சார்லஸ் குட்இயர் அதைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கிப் பக்குவப்படுத்தும் வழியைக் கண்டார், 1844இல் அமெரிக்காவில் காப்புரிமையும் வாங்கினார். அதன்பிறகுதான் ரப்பர், நசுக்கினாலும் பழைய உருவத்துக்குத் தானே திரும்பும் நம்பகமான பண்டமானது. பொம்மைக்கு அது போதும். நசுக்கும்போது வயிற்றிலுள்ள காற்று நாக்கின் வழியே வெளியேறுகிறது, விட்டதும் ரப்பர் தானாக உப்பி, காற்றை மறுபடி இழுத்துக்கொள்கிறது. துருத்தி, தோல், பலகை ஒன்றும் வேண்டாம். பொம்மையின் உடம்பே துருத்தி. 1961இல் பிரான்சில் வந்த சோஃபி என்ற ஒட்டகச்சிவிங்கி இன்றைக்கும் ரப்பர் மரத்துப் பாலில்தான் செய்யப்படுகிறது, அமுக்கினால் கத்துகிறது. நம் சந்தையில் கிடைப்பவை பெரும்பாலும் ரப்பர் அல்ல, பிவிசி என்ற பிளாஸ்டிக். பெயர் மட்டும் ‘ரப்பர் பொம்மை’ என்றே நின்றுவிட்டது.

ரப்பர் என்ற பெயரே ஒரு வேடிக்கை. 1770இல் ஜோசப் ப்ரீஸ்ட்லி என்ற விஞ்ஞானி, இந்தப் பிசினால் தேய்த்தால் பென்சில் எழுத்து அழிகிறது என்று எழுதிவைத்தார். தேய்க்கிறதனால் ‘ரப்’பர். அதே ‘அர்’ விகுதிதான். மரத்தின் பெயரை அழிப்பானிலிருந்து எடுத்த மொழி, பொம்மையின் பெயரை அதன் தொண்டையிலிருந்து எடுத்திருக்கிறது. ஜெர்மானியர்கள் குளியல் வாத்தையும் அப்படியே ‘க்வீட்ஷ்-வாத்து’ என்கிறார்கள். ‘க்வீட்ஷ்’ அவர்கள் ஊர்க் கீச்.

அத்தானுக்கு வந்த வில்லைக்குள் இருக்கும் நாக்கை ஒரு ஊசியால் தூக்கிப் பார்த்தேன். ஒரு பக்கம் ஒட்டியிருக்கிறது, மறுபக்கம் விட்டிருக்கிறது. காற்று அடியில் புகுந்து அதைத் தூக்கும், நாக்கு விறைப்பால் திரும்பவும் படியும், மறுபடி தூக்கும். விநாடிக்கு ஆயிரக்கணக்கில் இது நடந்தால் ‘கீ’. மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்பது விநாடிக்கு ஏறத்தாழ 2000 முதல் 5000 அதிர்வுவரை உள்ள ஒலியை. இந்தச் சின்ன வில்லையின் சத்தம் பக்கத்து வீட்டுக்காரரையும் மதியத் தூக்கத்தில் எழுப்பிவிடுவது இதனால்தான்.

இந்த நாக்கு நமக்குப் புதிதல்ல. பூவரசு இலையைச் சுருட்டி, ஒரு முனையைப் பல்லால் நசுக்கித் தட்டையாக்கி ஊதினால் பீப்பீ. தென்னை ஓலையைக் கூம்பாகச் சுற்றினால் இன்னும் பெரிய பீப்பீ. நாகசுரத்தின் வாயில் செருகும் சீவாளியும் இதே வேலையைச் செய்கிறது. திருவாவடுதுறைப் பக்கம் கொருக்கன் தட்டையைப் பதப்படுத்திச் செய்கிறார்கள். சுசீந்திரம் மார்கழித் திருவிழாவில் உள்ளே வித்துவான் வாசிப்பதும், தெருவில் பலூன்காரர் மூங்கில் குழலில் பலூனைச் செருகி அலறவிடுவதும் அடிப்படையில் ஒரே தத்துவம். குழந்தைகள் நாகசுரத்தைப் ‘பீப்பீ’ என்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது, அதைத் தமிழ் கவனித்திருக்கிறது. வாயால் ஊதினால் பீப்பீ. வாய் வைக்காமல், கையால் அமுக்கினால் கீ கீ. பிள்ளைகள் நடக்கும்போது அடியில் சத்தம் போடும் செருப்பு இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது; சிலருக்கு அது கீ கீ செருப்பு, சிலருக்குப் பீப்பீ செருப்பு. ஆங்கிலத்தில் எல்லாம் ஸ்க்வீக்கர்தான். பிரிட்டனில் பிறந்தநாள் விழாவில் ஊதும் காகிதச் சுருளுக்குக்கூட அந்தப் பெயர் உண்டு.

அத்தான் கடைக்கு விளவங்கோடு பக்கத்து மக்கள் வந்தால் இப்படிக் கேட்பார்கள்: “ஞெக்கினா கீ கீன்னு கரையுத பொம்ம இருக்கா?” ஒரு வரியில் முழு விளக்கமும் வந்துவிட்டது. ‘ஞெக்கு’ என்பது கேரள எல்லைக்கு இரண்டு பக்கமும் புழங்கும் சொல். அமுக்கு என்பதைவிட விரலின் அழுத்தம் அதில் கூடுதலாகத் தெரிகிறது. ‘கரைதல்’ இன்னும் அருமை. காக்கை கரையும் என்று குறளில் படித்திருப்போம், குமரி மாவட்டத்தின் மேற்குப் பாதியில் பிள்ளையே கரையும். மலையாளத்திலும் அப்படித்தான். கிறீச்சிடும் சக்கரத்துக்குத்தான் மசகு கிடைக்கும் என்று ஆங்கிலத்தில் ஒரு பழமொழி உண்டு, நாம் அழுத பிள்ளை பால் குடிக்கும் என்போம். மலையாளத்தில் அதைச் சொல்லும்போது பிள்ளை அழாது, கரையும்.

அந்தக் ‘கீ கீன்னு’ என்பதில் உள்ள ‘ன்னு’வையும் விட்டுவிடக்கூடாது. தமிழில் ஒலிக்குறிப்பு பெரும்பாலும் ‘என்று’ என்பதன் கையைப் பிடித்துக்கொண்டுதான் வாக்கியத்துக்குள் வரும். பொம்மை கீ கீ என்றது, கதவு கிரீச்சென்றது. அதாவது பொம்மை ஏதோ சொன்னதாகவும் நாம் அதை மேற்கோள் காட்டுவதாகவும் தமிழ் எடுத்துக்கொள்கிறது. ஆங்கிலத்துக்கு அந்தச் சங்கடம் இல்லை, சத்தத்தையே நேராக வினைச்சொல் ஆக்கிவிடும். இதில் எது உயர்வு என்று நான் சண்டைக்கு வரவில்லை. பொம்மையைப் பேசவைக்கும் மொழியில்தான் எனக்குக் கூடுதல் பிரியம், அவ்வளவுதான்.

இந்த ஓசை நம் எழுத்தில் ஏறியதும் நேற்று அல்ல. மார்கழிக் காலையில் சுசீந்திரத்திலும் பறக்கை மதுசூதனப் பெருமாள் கோவிலிலும் ஒலிக்கும் திருப்பாவையின் ஏழாம் பாட்டு ‘கீசு கீசு’ என்றுதான் தொடங்குகிறது. ஆனைச்சாத்தன் என்ற கரிக்குருவிகள் கலந்து பேசும் பேச்சரவம் அது. ஆங்கிலத்தில் ‘ஸ்க்வீக்’ எழுத்தில் தலைகாட்டும் முன் ஐந்நூறு ஆண்டுக்குக் குறையாத மூப்பு நம் கீச்சுக்கு. ட்விட்டர் வந்தபோது தமிழர்கள் ‘கீச்சு’ என்று பெயர்த்தார்கள், எழுதுகிறவர் ‘கீச்சர்’ ஆனார். அதிலும் ஓர் ‘அர்’!

‘ஸ்க்வீக்கர்’ என்பதைத் தமிழாக்கச் சொன்னால் பொதுவாக ‘ஒலியெழுப்பும் பொம்மை’ என்று எழுதிவிடுவோம். வானொலிப் பெட்டியும் ஒலியெழுப்பும், ஆம்புலன்சும் எழுப்பும். அதில் கீச்சே இல்லை. இதைவிட நல்ல சொல் கடற்கரையில் கிடக்கிறது. உடம்பில் கறுப்பு வளைகோடுகள் ஓடும் ஒரு சின்ன மீனுக்கு நம் கரையில் கீச்சான் என்று பெயர். ஆங்கிலத்தில் அந்தக் குடும்பத்து மீன்களை ‘க்ரண்டர்’, உறுமுகிறவை, என்பார்கள். காற்றுப்பையோடு இணைந்த தசையை அதிரவைத்து உண்மையிலேயே சத்தம் போடும் மீன்கள் அவை. வயிற்றில் காற்றுப்பை, அதை அமுக்கினால் சத்தம்: அப்படியே நம் பொம்மை. வெள்ளைக்காரர் காதில் உறுமல், நம் மீனவர் காதில் கீச்சு. பறவை பார்ப்பவர்களுக்கு வேறொரு கீச்சானும் உண்டு, வேலி முள்ளில் உட்கார்ந்து பூச்சி பிடிக்கும் குருவி. கீச்சு என்பதோடு ‘ஆன்’ சேர்ந்து கீச்சான். ஸ்க்வீக் என்பதோடு ‘அர்’ சேர்ந்து ஸ்க்வீக்கர். கணக்குப் பிசகாத பொருத்தம்.

அந்த நூறு வில்லைகளை என்ன செய்வது என்பதுதான் பாக்கி. பொம்மையாக விற்கக்கூடாது என்று நான் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். மூன்று வயதுக்குள் உள்ள பிள்ளைகளின் பொம்மையில், 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள சோதனைக் குழாய்க்குள் அடங்கிப்போகும் துண்டு எதுவும் கழன்று வரக்கூடாது என்பது விதி. இந்த வில்லை அதற்குள் தாராளமாக விழும். குழந்தை விழுங்கினால் மூச்சுக்குழலில் போய் நின்றுகொண்டு, மூச்சு விடும்போதெல்லாம் கத்தும். 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம், வாத்து வாங்குகிறவர்கள் அடியைத் திருப்பி வில்லை ஆட்டம் காண்கிறதா என்று விரலால் தட்டிப் பார்ப்பதும் நல்லது.

கடைசியில் தையல்கடை அக்கா ஒருத்தி அதை வாங்கிக்கொண்டாள், நாய்க்குட்டிகளுக்குத் துணிப் பந்து தைத்து உள்ளே வைக்க. எண்பது போயிற்று. மிச்சத்தை அத்தான் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, நான் சொன்ன கதையில் மயங்கி, ‘கீச்சான் 20’ என்று தாளில் எழுதி ஒட்டிவைத்திருக்கிறார். போன வாரம் தேங்காப்பட்டணத்திலிருந்து வந்த ஒருவர் அதைப் படித்துவிட்டு, “கருவாடா அண்ணே, என்ன விலை?” என்று கேட்டாராம்.